முட்டிக்கு அடியில் இருக்கிற தலையணையை எடுங்கள்

எங்களிடம் பிசியோதெரபி பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நான் ஆரம்பத்தில் செய்த அதே தப்புகளைச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று தோன்றும். ஒத்தடத்தில் தோல் வெந்துபோவது மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

தலையணை

முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைக் கட்டிலில் படுக்கவைத்து முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான். லேசாக மடங்கியிருந்தால் வீங்கின மூட்டுக்குள் அழுத்தம் குறைகிறது, வலியும் அடங்குகிறது. ஆனால் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்க உறையும் தொடையின் பின்தசையும் சுருங்கி, அப்புறம் கால் முழுசாக நீளவே நீளாது.

பத்தமடைக்கார ஆச்சி ஒருவர், கோரைப்பாய் நெய்து காலமெல்லாம் தரையிலேயே உட்கார்ந்தவர். "இத வச்சாத்தான்யா சொகமா இருக்கு" என்றார், நானும் விட்டுவிட்டேன். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று மட்டும்தான் அளந்தேன். 90, 100, 110 என்று டிகிரி ஏற ஏற எனக்கு ஒரே சந்தோஷம். ஆறாவது வாரம் அவர் நடந்து வரும்போது இரண்டு காலடிச் சத்தமும் ஒன்றுபோல இல்லை. படுக்கச் சொல்லிப் பார்த்தால், முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போய்வந்தது. நீட்டுவதில் 15 டிகிரி குறை. முட்டி நீளாவிட்டால் சும்மா நிற்பதற்கே தொடைத்தசை ஓய்வில்லாமல் இழுத்துப்பிடிக்க வேண்டும், கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்துவிடும், இடுப்பும் முதுகும் சேர்ந்து வலிக்கும். முதல் இரண்டு வாரத்தில் சுலபமாகக் கிடைத்திருக்க வேண்டியதை ஆச்சி மூன்று மாதம் அழுது அழுது வாங்கினார், அதிலும் 5 டிகிரி திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் எந்த வீட்டிலாவது அந்தத் தலையணையைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கட்டும், தாங்குகிற அளவுக்கு ஐந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. நடுநடுவே முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கச் சொல்லுங்கள். நோட்டில் நீட்டலை முதலில் எழுதுங்கள், மடக்கலை அப்புறம்.

முட்டிச்சில்லை அமுக்குவது

நகர்த்தச் சொன்னால் அமுக்குகிறார்கள். சில்லு தொடையெலும்பில் உரசி வலிக்கும், வலித்தால் அவர் தொடையை இறுக்குவார், இறுக்கினால் சில்லு அசையாது. காலை நீட்டி, தொடையைத் தளரவிட்டு, ஓரத்தில் பிடித்து மேலே, கீழே, பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். முட்டி மடங்கும்போது சில்லு கீழே இறங்கியாக வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருக்கையில் காலைப் பிடித்து மடக்கி என்ன பிரயோசனம்?

எண்ணெய் போட்டு நீவுவது

ஆபரேஷன் ஆன காலில் கெண்டைச்சதை வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிறதா? கை வைக்காதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போதே டாக்டரிடம் அனுப்புங்கள்.

கதறக் கதற மடக்குவது

வேண்டாம். மறுநாள் முட்டி கூடுதலாக வீங்கியிருந்தால் நேற்று நீங்கள் செய்தது அதிகம்.