பழைய ஹெரால்டிலிருந்து ஒரு ஹாட் ராட்: உப்புக் காற்றில் முதன்முறை கட்டுவோருக்கான செய்முறை

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில், சாயம் நீக்கிய இரும்புத் தகடு ஒன்றை ஓர் இரவு வெளியில் வைத்துவிட்டால், காலையில் அதன் மேல் மஞ்சள் பொடியைத் தூவியதுபோல் துரு படிந்திருக்கும். இந்தக் கடற்கரையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய காரை எடுத்து ஹாட் ராட் கட்ட நினைப்பவர் எஞ்சினைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தத் தகட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். வேலையின் வரிசை துருவில் தொடங்கி, பிரேக்கைக் கடந்து, எஞ்சினில் முடிய வேண்டும் என்பதே என் அனுபவம். வரிசையை மாற்றினால் நன்றாக ஓடும் எஞ்சின் மட்டும் மிஞ்சும். அதைத் தாங்கும் சேஸ், அதாவது காரின் அடிச்சட்டம், இரண்டு ஆண்டுகளில் உளுத்துப்போகும்.

ஹாட் ராட் என்பது அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 1930களில் உருவான பழக்கம். மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டு முதலிய தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைக் கூர்மைப்படுத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எளிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சினை அளித்த பிறகு அந்த மாடலே இந்தக் கலையின் முகமாகிவிட்டது. நம்மிடமும் இதற்கு நெருங்கிய மரபு உண்டு: சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில், வீட்டுப் பட்டறைகளில் திருத்திய கார்களைப் பல ஆண்டுகள் பந்தயத்தில் ஓட்டினார்கள்.

முதலில் காகிதம்

இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் முதலில் குறித்த அமைப்பும் மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது. மீறினால், 182அ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகையால் கூரையை வெட்டித் தாழ்த்திய, சேஸை மாற்றிய முழு ஹாட் ராட் உங்கள் சொந்த நிலத்துக்கும் முறையான பந்தயத் தளத்துக்கும் மட்டுமே உரியது. அதை இழுவை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். சாலையில் ஓட வேண்டிய காரென்றால், சேஸையும் உடல் வடிவத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, நிறம், எஞ்சின் போன்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் இராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். நான் இங்கே விளக்குவது இந்த இரண்டாம் வகையை.

இன்னொரு விதியும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனமாகத் தனி வரிசையில் பதியலாம். ஆனால் சேஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத, அசல் நிலையில் உள்ள வண்டிக்கே அந்தத் தகுதி உண்டு. இதனால்தான் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: அசல் நிலையில் நன்றாக இருக்கும் காரை ஹாட் ராடுக்காக வெட்டாதீர்கள். பாகங்கள் தொலைந்து, யாரும் மீட்க முன்வராத வண்டியைத் தேடி எடுங்கள்.

எந்தக் கார்

அம்பாசடரும் பழைய ஃபியட்டும் தனிச் சேஸ் இல்லாதவை; அவற்றில் உடலே சுமையைத் தாங்குகிறது. தரைத்தகடு உளுத்தால் காரின் முதுகெலும்பே போய்விடும். முதன்முறை கட்டுபவருக்குத் தனிச் சேஸ் உள்ள கார்தான் ஏற்றது. அந்த வகையில், சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை நான் பரிந்துரைப்பேன். அதன் உடலை போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிடலாம். பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாக முழுவதும் திறந்துகொள்வதால் 948 சிசி எஞ்சினும் முன்சக்கர அமைப்பும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பழைய ஜீப்பும் நல்ல தேர்வே, ஏனெனில் அதன் தகடுகள் பெரும்பாலும் சமதளமானவை.

வாங்கும்போது ஒரு சிறு காந்தமும் பழைய ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. சேஸின் பக்கக் கைகளையும் டிக்கிக்குக் கீழே வரும் நீட்டங்களையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் விலையைக் குறைத்துப் பேசாமல் வேறு வண்டி பாருங்கள். கோயம்புத்தூர், சேலம் போன்ற உள்நாட்டு ஊர்களில் நின்ற கார், கீழக்கரையிலோ தொண்டியிலோ நின்ற காரைவிட அதிக விலை சொன்னாலும் கடைசியில் மலிவாகவே முடியும்.

கொட்டகை

பனை ஓலைக் கொட்டகை போதும். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் முழுச் சுவர் இருக்க வேண்டும். காரின் மேல் தார்ப்பாயை நேரடியாகப் போர்த்தாதீர்கள். இரவில் அதற்கடியில் வியர்த்து, உப்பு ஈரம் தகட்டிலேயே தங்கிவிடும். மேலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுவதால், நல்ல வெல்டரும் லேத் ஆளும் கிடைப்பது அரிது. வெல்டிங்கை அதற்கு முன்பே முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

பிரித்தெடுத்தல்

பேட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும் முதல் நாளே கழற்றி வேறிடத்தில் வையுங்கள். இறுகிப்போன போல்ட்டுகளில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் சிறிது அசைத்துவிட்டுப் பிறகு கழற்றினால் உடையாமல் வரும். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் கைபேசியில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். முன்சக்கர அமைப்பில் உள்ள மெல்லிய தகட்டு வில்லைகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்வது முக்கியம். சக்கரத்தின் கோணத்தை முடிவு செய்வது அவைதான்.

உப்பை வெளியேற்றுதல்

இந்த வேலையின் இதயம் இதுதான். துருவைச் சுரண்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. துருவின் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் உப்பை எடுக்காமல் பிரைமர் என்னும் அடிச்சாயத்தை அடித்தால், அந்த உப்பு காற்றின் ஈரத்தைச் சாயத்தின் வழியாகவே உறிஞ்சி, உள்ளிருந்து கொப்புளமாக எழும்பும்.

முதன்முறை நான் சேஸைச் சுத்தம் செய்தபோது, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரண்டு நாள் தேய்த்து வெள்ளி போலப் பளபளக்க வைத்துவிட்டு, வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். எங்கள் பகுதி நிலத்தடி நீர் உவரானது என்பது நன்றாகத் தெரிந்தும், குடிக்கத்தானே ஆகாது, கழுவ ஆகும் என்று எண்ணிவிட்டேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு குழியிலும் குண்டூசித் தலை அளவுக்குச் செம்புள்ளி பூத்திருந்தது. தண்ணீர் வழிந்த தடம்கூடக் கோடு கோடாகத் தெரிந்தது. இரண்டு நாள் உழைப்பும் வீணானது.

எனவே காவிரிக் கூட்டுக் குடிநீரோ சேமித்த மழைநீரோ கொண்டுதான் கழுவ வேண்டும். தேய்த்து, அழுத்தமாக நீர் பீய்ச்சிக் கழுவி, உடனே துணியாலும் காற்றாலும் உலர்த்தி, கொட்டகைக்குள் ஓர் இரவு வையுங்கள். காலையில் குழிகளில் புள்ளி தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் அதே வேலையைச் செய்யுங்கள். எனக்கு மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்பவரிடம் கொடுத்தால், அவர் கடற்கரை மணலைப் பயன்படுத்தவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இல்லையேல் உப்பை இரும்புக்குள் அறைந்து ஏற்றியதாகிவிடும். புள்ளியில்லாத காலை அமைந்த அன்றே, வெயில் ஏறி ஈரம் விலகியதும், எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். அடுத்த நாளுக்கு ஒத்திவைக்கக் கூடாது.

வெல்டிங்

உளுத்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, தரைக்கு 18 கேஜ் தடிமனுள்ள தகட்டை வைத்து ஒட்டுங்கள். சாதாரண ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை எரித்து ஓட்டை போட்டுவிடும்; கரியமில வாயுவைப் பீய்ச்சிக் காத்தபடி ஒட்டும் சிஓடூ வெல்டிங்தான் வேண்டும். ஆனால் அதன் வாயுப் படலத்தைக் கடற்காற்று கலைத்துவிடுவதால், மூடிய இடத்திலோ காற்று அடங்கிய அதிகாலையிலோ செய்ய வேண்டும். ஒரே கோடாக ஓட்டாமல், ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளாது. வெட்டுவதற்கு முன் கதவு வாயில்களின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக ஒட்டித் தாங்கல் கொடுக்க மறக்காதீர்கள். தாங்கல் இல்லாமல் வெல்டிங் செய்த ஓர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து என் வண்டியின் உடல் திரும்பி வந்தபோது, வலப்பக்கக் கதவு பூட்டிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. அதைச் சரிசெய்ய ஒட்டியதையெல்லாம் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

பிரேக், ஸ்டீயரிங், சக்கரம்

பழைய கார்களின் பிரேக்குக்கு ஒரே குழாய்ச் சுற்றுதான் உண்டு. எங்காவது ஒரு குழாய் அரித்துக் கசிந்தால் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சுற்று வகைக்கு மாற்றுங்கள். அதன் உள்விட்டம் உங்கள் சக்கரச் சிலிண்டர்களுக்குப் பொருந்துகிறதா என்பதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே பொருத்துங்கள். ரப்பர் குழாய்களும் இரும்புக் குழாய்களும் புதியவையாகவே இருக்கட்டும்.

ஹெரால்டில் முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு அடியில் ஒரு பித்தளைத் திருகுக் கூட்டில் சுழல்கிறது. ட்ரன்னியன் என்பது அதன் பெயர். அதற்குக் கிரீஸ் அடைப்பது பலரின் பழக்கம், அது தவறு. அதற்கு உரியது கியர் பெட்டிக்கு ஊற்றும் 90ஆம் எண் ஆயில். கிரீஸ் இறுகிய இடத்தில் உப்பீரம் தேங்கித் தண்டை அரிக்கும். ஓட்டத்தில் தண்டு முறிந்தால் சக்கரம் மடிந்துவிடும். அந்தத் தண்டைக் கழற்றி, திருகுப் பள்ளங்களில் அரிப்போ விரிசலோ இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள்.

ஹாட் ராட் தோற்றத்துக்காக முன்பக்கத்தை ஓர் அங்குலம் தாழ்த்தலாம். அதற்கு மேல் போனால் கிராமச் சாலையின் வேகத்தடையே சேஸை அடிக்கும். பின்பக்கத்தில் இரண்டு அச்சுகளும் தனித்தனியாக ஊசலாடும் அமைப்பு உள்ள ஹெரால்டில், வேகமாகத் திரும்பும்போது பின்சக்கரம் உட்பக்கமாக மடியும் குணம் உண்டு; ஆகவே குறுக்கே வரும் பட்டை ஸ்பிரிங்கின் இலைகளைக் கழற்றி விளையாடாதீர்கள்.

எஞ்சின்

கட்டமைப்பு சரியானால் இந்த வேலை எளிது. நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். அவற்றுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்க வேண்டும். தொடக்கக்காரர் எஞ்சினை மாற்றுவதைவிட, இருப்பதை ஒழுங்காகப் புதுப்பித்து, ஹெட்டைச் சமன் செய்து, கார்புரேட்டரைத் திருத்தி, தடையில்லாத புகைக்குழாய் பொருத்துவதே நல்லது. இன்றைய பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய், பம்ப் தோல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரின் உள்வலையைப் புதிதாக்குங்கள். இங்கே சித்திரை வெயிலில் பாதி அடைத்த ரேடியேட்டர் பத்து கிலோமீட்டர்கூடத் தாங்காது. வயரிங்குக்கு, படகுகளில் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பைபர் வேலை

உளுத்த பானெட் ஓரம், டிக்கிக் கதவு போன்ற சுமை தாங்காத பாகங்களை, அதே வடிவில் பைபரில், அதாவது ரெசினில் ஊறிய கண்ணாடியிழைப் பாயில், செய்துகொள்ளலாம். பைபர் வள்ளம் கட்டும் கைகள் நம் கரையிலேயே இருப்பது பெரிய கொடை. பாம்பனில் ஒரு பைபர் தொழிலாளி என் கையைப் பிடித்துக் காட்டியது இன்றும் பயன்படுகிறது: "பாய்க்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது காத்து, தம்பி. உருளைய வச்சு ஓரத்துக்குத் தள்ளி வெளியேத்து. அது நின்ன எடத்துலதான் நாளைக்கு ஒடையும்."

ரெசினுக்குக் கெட்டிப்படுத்தும் திரவத்தை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சேர்ப்பார்கள். நம் வெயிலுக்கு ஒரு பங்கை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். அந்தத் திரவத்தையும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சாயமும் முதல் ஓட்டமும்

வாடையின் மழை ஓய்ந்து கச்சான் தொடங்காத மாசி, பங்குனியே சாயம் அடிக்க ஏற்ற காலம். சாயம் காய்ந்த பிறகு சேஸ் குழாய்களுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெழுகு கலந்த துரு தடுப்பியைப் பீய்ச்சி, கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பாருங்கள்.

முதல் ஓட்டத்தை உச்சிப்புளிப் பக்கத்து வெறிச்சோடிய கிளைச் சாலையில், விடியற்காலையில், மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் நேர்ச்சாலை ஆசை காட்டும். ஆனால் அங்கே காற்று மணலைச் சாலையின் குறுக்கே வாரி இறைக்கிறது, சுற்றுலாக் குடும்பங்கள் எங்கும் நிற்கின்றன, ஆகவே அங்கே வேகத்தைச் சோதிக்க வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும், உடலைச் சேஸோடு இணைக்கும் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். பிரேக் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், எஞ்சின் ஆறியதும், இரண்டு குடம் நல்ல தண்ணீரைச் சேஸின் அடிப்பக்கம் பீய்ச்சிவிட்டு, தரை காயும் வரை கொட்டகையின் கதவைத் திறந்தே வையுங்கள்.