ஐரோப்பியச் சாப்பாட்டுக்கு முதல்முறை போகிறீர்களா? ஓடரில் கவனம் வையுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஐரோப்பியச் சாப்பாடு போடும் கடைக்கு முதன்முதலாகப் போகிறவர்களில் பலர் கத்தி, முள்ளுக்கரண்டியை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். அதைப் பழக ஐந்து நிமிடம் போதும். காசு கரைவதும், அரை வயிற்றோடு எழும்புவதும் ஓடர் கொடுப்பதில் வருகிற வினை.

முதல் வேலை, மேசை பிடிப்பது

சனம் விரும்பிப் போகும் கடையென்றால் முதல் நாளே கோல் எடுத்துச் சொல்லிவையுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊரில் நிற்பார்கள், சும்மா போய் நின்றால் இடம் கிடைப்பது கஷ்டம். சைவம் எத்தனை பேர் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வைன் எடுக்கிற எண்ணம் இருந்தால் கலண்டரைப் பாருங்கள். போயா நாளில் நாடு முழுக்க மதுபானம் கிடையாது.

அடுத்தது மெனு

வீட்டில் சோறு, கறி, சொதி எல்லாம் ஒன்றாகவே கோப்பைக்கு வரும். இங்கே ஸ்டாட்டர் (முதலில் வரும் சின்னச் சாப்பாடு), மெயின் (பிரதான சாப்பாடு), டெசேட் (இனிப்பு) என்று ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. இந்தக் கடைகள் ஒரு நாட்டுச் சமையலோடு நிற்பதில்லை. பிரெஞ்சு, இத்தாலிய முறைகளை வைத்துக்கொண்டு, அன்று கிடைக்கும் மீனுக்கும் மரக்கறிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வார்கள். அதனால் மெனு சின்னதாக இருந்தால் அது நல்ல அறிகுறி என்பேன்.

மெயின் வாங்கினால் மரக்கறி தானாக வரும் என்று இருக்காதீர்கள். பல இடங்களில் உருளைக்கிழங்கும் சாலட்டும் தனி விலை. நாலு பேர் போனால் இரண்டு ஸ்டாட்டரை நடுவில் வைக்கச் சொல்லிப் பகிர்ந்து, மெயினை ஆளுக்கொன்றாக எடுப்பது சரிவரும்.

கார்பாச்சோ, டார்டார் என்று கண்டால் பெரும்பாலும் பச்சை இறைச்சி அல்லது பச்சை மீன். ஸ்டேக் கேட்டால் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். உள்ளே சிவப்பு பிடிக்காது என்றால் வெல் டன் என்று தயங்காமல் சொல்லுங்கள், சாப்பிடப்போவது நீங்கள்தான். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்றில் அரிசியின் நடுப்பகுதி கொஞ்சம் கடிபடும். அது வேகாத சோறு அல்ல, பதமே அப்படித்தான்.

விரதகாரர் இந்த இடத்தை வடிவாக வாசியுங்கள். இறைச்சி கண்ணுக்குத் தெரியாத சாப்பாடெல்லாம் சைவம் ஆகாது. மரக்கறி ரிசோட்டோவைக் கோழி அவித்த தண்ணீரில் செய்திருக்கலாம். சீசர் சாலட்டின் சோஸில் நெத்தலி மாதிரி ஒரு சின்ன மீன் அரைபட்டிருக்கும். பன்னா கொட்டா என்ற பால் இனிப்பை உறையவைக்கும் ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. அசல் பார்மேசன் சீஸுக்குப் பாலைத் திரையவைப்பதே கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் பொருள்தான். “தம்பி, இதுக்குள்ளை மச்சம் ஏதும் சேர்ந்திருக்கோ? சூப், சோஸ் என்னத்திலை செய்தது?” என்று கேளுங்கள். பரிமாறும் பெடியனுக்குத் தெரியாவிட்டால் குசினியில் கேட்டுவந்து சொல்லட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேசையில்

இடக்கையில் முள்ளு, வலக்கையில் கத்தி. இடையில் ஓய்வென்றால் இரண்டையும் கோப்பையில் விரித்து வையுங்கள், சாப்பிட்டு முடித்துவிட்டால் பக்கம் பக்கமாகச் சேர்த்து வையுங்கள். சேர்த்து வைத்தால் கோப்பையை எடுத்துப்போய்விடுவார்கள், அதனால் இதை மட்டும் மறக்க வேண்டாம். பாணைக் கையால் பிய்த்துச் சாப்பிடுவதுதான் அங்கேயும் வழக்கம். ஓட்டோடு நண்டு வந்தால் முள்ளோடு மல்லுக்கட்டாமல் கையால் உடையுங்கள். உறைப்பு காணாது என்று தோன்றும். முதலில் இரண்டு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு மிளகோ தேசிக்காயோ கேட்கலாம். நண்டுக்கறி ருசியைத் தேடினால் ஏமாற்றம்தான், அதற்கு வீடு இருக்கிறது.

பில்

மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை ஓடருக்கு முன்பே பாருங்கள். 10% சேவைக் கட்டணமும் 18% வாட் வரியும் தனி என்றிருந்தால், 10,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்குக் குறைந்தது 12,800 ரூபாய் வரும். சேவைக் கட்டணம் எடுத்திருந்தால் டிப்ஸ் கட்டாயமில்லை, மனமிருந்தால் வையுங்கள். மிஞ்சியதைப் பார்சல் கேட்கலாம். ரிசோட்டோவை மட்டும் அங்கேயே முடித்துவிடுங்கள், ஆறினால் களியாகிவிடும்.