கை நீண்டால் புது வகையா? நீர்ப்பூஞ்சைச் சிற்றினத்துக்குள் வேறுபாட்டை வகைப்படுத்தும் முறை

ஓடை நுரையில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் நீர்ப்பூஞ்சைகளின் நான்கு கை விரித்த கொனிடியங்கள் (பாலிலா வித்துகள்) தெரியும். ஒன்றுக்குக் கை நீளம், மற்றொன்றுக்குக் குட்டை. உடனே பெயர் சூட்டிவிடாதீர்கள். அந்த வேறுபாடு மரபில் வந்ததா, சூழலால் வந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

படி 1: தனிக் கொனிடியம்

நுரையைக் குளிரில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள். தாமதித்தால் கொனிடியங்கள் முளைத்துவிடும். ஆன்டிபயாடிக் கலந்த 0.1% மால்ட் அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊடகம்) பரப்பி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் தனித்துக் கிடக்கும் ஒன்றை அகார் துண்டோடு வெட்டி 2% மால்ட் அகாருக்கு மாற்றுங்கள். இரண்டு சேர்ந்து வந்தால் பின்னால் எடுக்கும் அளவுகள் எல்லாமே வீண். ஒரே ஓடை போதாது. மூன்று நான்கு ஓடைகளிலிருந்து தலா ஐந்து வளர்ப்புகளாவது வேண்டும்.

படி 2: எல்லாவற்றுக்கும் ஒரே சூழல்

பலரும் சறுக்கும் இடம் இது. வளர்ப்பின் விளிம்பிலிருந்து 5 மி.மீ. துண்டுகளை வெட்டி, கிருமி நீக்கிய நீரில் போட்டு, 15 டிகிரி செல்சியசில் காற்றுக் குமிழி விடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கொனிடியம் உருவாகும். நீர் அசையாமல் நின்றால் பல சிற்றினங்களில் கொனிடியம் உருவாவதே குறையும், உருவானாலும் வடிவம் கோணலாகலாம். பிறகு 10, 20 டிகிரியிலும் இதையே செய்யுங்கள். ஓடையில் கண்ட வேறுபாடு இங்கே மறைந்தால் அது சூழலின் வேலை.

படி 3: அளவு

ஒவ்வொரு வளர்ப்பிலும் 50 கொனிடியங்கள்: அச்சின் நீளம், கைகளின் நீளம், அகலம், குறுக்குச்சுவர் எண்ணிக்கை. உதிர்ந்தவற்றை மட்டும் அளந்துகொள்ளுங்கள். காம்பில் ஒட்டியிருப்பவை முதிராதவையாக இருக்கலாம், சராசரியைக் கீழே இழுக்கும்.

படி 4: டிஎன்ஏ

வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது. ஆங்குயிலோஸ்போரா லாஞ்சிசிமா, ஆங்குயிலோஸ்போரா கிராஸா என்ற இரு நீர்ப்பூஞ்சைகளும் ஒரே பேரினப் பெயரில் இருந்தாலும் வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்தவை. ஐடிஎஸ் (பூஞ்சைச் சிற்றினங்களைப் பிரித்தறிய உதவும் டிஎன்ஏ பகுதி) வரிசை தெளிவாக விலகினால், நீங்கள் பார்ப்பது வேறொரு சிற்றினமாகவே இருக்கலாம்.

படி 5: தரநிலை

அளவுகள் ஒன்றோடொன்று தொடர்ச்சியாகக் கலந்தால் பெயர் வேண்டாம். சிற்றின விவரிப்பின் வீச்சை விரித்தால் போதும். அளவுகளுக்கிடையே இடைவெளி இருந்து, வெவ்வேறு ஓடைகளின் வளர்ப்புகளிலும் அதுவே நிலைத்தால், சிற்றினத்துக்குக் கீழான 'வகை' என்ற தரம் பொருந்தும். ஒரே ஒரு சிறு பண்பு மட்டும் மாறினால் அதற்கும் கீழான 'வடிவம்'. பெயர் வைத்தால் மூலமாதிரியை (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) பாதுகாத்து வையுங்கள். 2013 ஜனவரி 1 முதல், மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் இல்லாத புதுப் பூஞ்சைப் பெயர் செல்லாது.