சிறார் கதையில் கணக்கு: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு நண்பர்கள் பூங்காவுக்குப் போகிறார்கள். வழியில் ஒரு தாத்தா புதிர் போடுகிறார். விடை சொன்னதும் கதை பழையபடி நகர்கிறது. சிறார் கதைக்குள் கணக்கைக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அந்தப் புதிரை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது என்றால், குழந்தையும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகும்.

நண்பர்களுக்குள் எழும் சிக்கலே கணக்காக இருக்கட்டும். ஆறு பேர் மதிய இடைவேளையில் கேரம் போட்டி வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐவருடனும் ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் 15 ஆட்டங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று பள்ளி வாரங்கள். அதன்பின் தேர்வு. இந்த நேரத்தில் வகுப்புக்குப் புதிதாக வந்த மலர் தானும் ஆட வருகிறாள். "ஒருத்திதானே, சேர்த்துக்கொள்வோம்" என்கிறான் ஒருவன். எழுதிப் பார்த்தால் ஆட்டங்கள் 21! அவள் ஆறு பேருடனும் ஆட வேண்டுமே. அவளை ஒதுக்குவதா, போட்டி முறையை மாற்றுவதா என்று சண்டை மூள்கிறது. இந்தக் கதையிலிருந்து கணக்கை உருவிவிட்டால் சண்டையே கிடையாது.

எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் மேதைச் சிறுவனைப் படைப்பது இதைவிடக் கெடுதலானது. கணக்குக்குப் பயப்படும் குழந்தை அவனைப் பார்த்து, 'இது அவனைப் போன்றவர்களுக்கு, எனக்கில்லை' என்று முடிவுகட்டிவிடும். தவறான விடைக்கும் கதையில் மரியாதை கொடுங்கள். மேலே சொன்ன கதையில் ஒரு சிறுமி ஆறை ஐந்தால் பெருக்கி 30 என்கிறாள். பக்கத்தில் இருப்பவன் கேட்கிறான்: "நான் உன்னோடு ஆடுவதும் நீ என்னோடு ஆடுவதும் வேறு வேறா?" அந்தக் கேள்வியிலேயே 30 பாதியாகிறது. விடையை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கிறார்கள்.

கணக்கு ஆசிரியரைக் கொடுமைக்காரராகக் காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகரை நினைத்துப் பாருங்கள். எண்களோடு விளையாடியே 1949இல் 6174இன் விந்தையைக் கண்டவர் அவர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். வரும் விடையையும் அப்படியே செய்துகொண்டு போனால், ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். நான்கு இலக்கங்களும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசி பெஞ்சு நண்பர்கள் இருவருக்கு அருமையான ரகசிய விளையாட்டு இது.

ஆனால் கதையில் வைக்கும் எண்ணை நீங்களே தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். 2111இல் தொடங்கினால் முதல் படியில் வருவது 0999. முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டு 999 என்று எழுதினால் அடுத்த படியில் எல்லாம் பூஜ்ஜியமாகி, கதையே கவிழ்ந்துவிடும். படம் வரைபவருக்கும் எண்களைச் சொல்லிவிடுங்கள். ஏழு பேர் ஆடும் பக்கத்தில் ஆறு தலைகளே இருந்தால், எண்ணிப் பார்க்கும் குழந்தை உடனே பிடித்துவிடும்.