நண்பர்களோடு உட்கார்ந்து 'லோகன்' பார்ப்பது எப்படி

கை முட்டியிலிருந்து உலோக நகம் நீளும் சூப்பர் ஹீரோ வுல்வரினுக்கு வயதாகித் தளர்ந்துபோன கதை இந்த 2017 ஹாலிவுட் படம், லோகன் என்பது அவன் பெயர்தான். இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். முடிந்ததும் பக்கத்தில் பேச ஓர் ஆள் இல்லையென்றால் இரண்டு நாளைக்கு நெஞ்சில் கிடந்து அழுத்தும். தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் ஆள் சேர்த்து மூன்று தடவை போட்டிருக்கிறேன். முதல் தடவை எல்லாமே தப்பாகப் போனது, அதிலிருந்துதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

யாரைக் கூப்பிடுவது என்பதுதான் பெரிய வேலை. முதல் தடவை சொந்தக்காரர் ஒருவர், வுல்வரின் படம்தானே என்று ஒன்பது வயதுப் பையனையும் கூட்டி வந்துவிட்டார். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, ராத்திரியில் கார் டயரைக் கழற்றவந்த திருடர்களுக்கு நடப்பதைப் பார்த்துப் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டான். பாதியில் எழுந்து போனார்கள், எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பெரியவர் துணை இல்லாமல் உள்ளே விடாத வகைப் படம் இது, அதனால் சிறுவர்களை அன்றைக்கு வேறு வீட்டில் விட்டுவிடுங்கள். அப்புறம், வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரையாவது கட்டாயம் கூப்பிடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பழைய படங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ளவர்களைப் பற்றி 2000-இல் வந்த முதல் 'எக்ஸ்-மென்' ஒன்றை ஒரு வாரம் முன்னால் எல்லோரும் பார்த்துவிட்டால் போதும். அதில் சார்லஸ் சேவியர் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தையே நடத்துகிறார், உலகத்தில் யார் மனதுக்குள்ளும் புகுந்து பார்க்கிற ஆள். அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான், 2029-இல் நடக்கும் இந்தக் கதையில் அதே மனிதர் கவிழ்ந்து கிடக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் மாத்திரைக்குக் காத்துக் கிடப்பது உறைக்கும். அவருக்கு மூளை நோய், வலிப்பு வந்தால் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் அசைய முடியாமல் திணறுகிறார்கள். லோகனுக்கோ எலும்பில் இருக்கும் உலோகமே உடம்பை விஷமாக்குகிறது, காயம் முன்போல ஆறுவதில்லை, நகம் முழுசாக வெளியே வர மறுக்கிறது, எழுத்துப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. லோகனாக நடிக்கும் ஹியூ ஜாக்மன் பதினேழு வருஷம் அந்த வேடத்திலேயே நம் கண் முன்னால் வயதானவர் என்பதால் இதில் நடிப்பு எது நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

படம் 2 மணி 17 நிமிடம். ஏழரைக்குத் தொடங்குங்கள், அதற்கு முன்பே மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். படம் ஓடும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைத் திறக்க விடாதீர்கள், ஏனென்றால் இந்தப் படத்தில் பாதி விஷயம் பேசாமல் இருப்பதில்தான் இருக்கிறது. லோகன் தன்னோடு கூட்டிக்கொண்டு ஓடும் லாரா என்ற சிறுமி படத்தின் பெரும்பகுதியில் வாயே திறப்பதில்லை, திறந்தால் ஸ்பானிஷ், ஆகவே கீழே எழுத்து ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடி மழையில் தகரக் கூரைக்குக் கீழே போடுவது வீண். இடைவேளை விட்டே ஆக வேண்டுமென்றால், லோகனும் சார்லஸும் லாராவும் ஹோட்டலை விட்டுத் தப்பி மறுபடி சாலையில் ஏறும் இடத்தில் விட்டு ஆளுக்கொரு கட்டன் சாயா கொடுங்கள், அதற்கு அப்புறம் எங்கேயும் நிறுத்தக் கூடாது.

முடிந்ததும் லைட்டைப் போடாதீர்கள். பாட்டு ஓடட்டும். "எப்படி இருந்தது?" என்று யாரையும் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் "சூப்பர்", "கொஞ்சம் ஸ்லோ" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "எந்த இடத்துல உனக்கு ஒரு மாதிரி ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் பேச்சு வரும்.

எப்போதும் ஒரே சண்டைகள்தான் கிளம்பும். மாஸ் இல்லை, வுல்வரினை இப்படிக் கிழவனாக்கிக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். அவரை மடக்காதீர்கள், அது சின்ன வயதிலிருந்து நேசித்த ஆள் மேல் உள்ள கோபம். ரத்தம் இவ்வளவு வேண்டுமா என்று இன்னொருவர் கேட்பார். வேண்டும் என்பதுதான் என் கட்சி, வெட்டினால் வலிக்கும் என்பதை முந்தைய படங்கள் எல்லாமே மறைத்துவிட்டன, இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்டு இங்கே மறைக்கவில்லை. இதுதான் கடைசி என்று சொல்லியிருந்த ஜாக்மன் 2024-இல் மறுபடி அதே வேடத்துக்கு வந்தது இந்தப் படத்துக்குக் குறையா என்ற வழக்கும் வரும், அது அரை மணி நேரம் ஓடும், ஓடட்டும். சூப்பர் ஹீரோ படமெல்லாம் சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று ஒதுக்குபவர் இருந்தால், திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேசாமல் இருப்பவரைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டாவது தடவை மார்த்தாண்டத்திலிருந்து வந்த நண்பன், படம் முடிந்ததும் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா அடிமுறை என்ற நம்மூர்ச் சண்டைக் கலையின் ஆசான், உடம்பின் வர்மப் புள்ளிகளை வைத்துச் செய்யும் வர்ம வைத்தியமும் பார்த்தவர், ஒரு காலத்தில் அவர் சுவடு வைத்து இறங்கினால் எதிரே நிற்க ஆள் கிடையாது. இப்போது எண்பது தாண்டிவிட்டது, சட்டைப் பட்டன் போட விரல் நிற்பதில்லை, ராத்திரி இவன்தான் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விடுகிறான். லோகன் சார்லஸை இரண்டு கையிலும் ஏந்தி மாடிப்படி ஏறி, கட்டிலில் படுக்க வைக்கும் காட்சி வருமே, அதில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறான். அப்படி நிற்பவர் பக்கத்தில் சும்மா போய் நில்லுங்கள். மறுநாள் அவர்களாகவே போன் செய்வார்கள்.

அவன் செய்தான். அப்பாவுக்கும் போட்டுக் காட்டணும் என்றான். மூன்றாவது தடவை அதற்காகத்தான். மாடிக்கு அவரை ஏற்ற முடியாது என்பதால் டிவியைக் கீழ் அறைக்கு இறக்கினோம், சாய்வு நாற்காலி போட்டோம், சத்தத்தைக் குறைத்து வைத்தோம். வெட்டுக் குத்து வந்தபோதெல்லாம் ஆசான் முகத்தில் எதுவும் இல்லை. லோகன் நொண்டி நொண்டி நடக்கும்போது மட்டும் முன்னால் சாய்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அவர்தான் கேட்டார்: "அவனுக்கு எண்ணெய் போட்டு உழிஞ்சுவிட ஒரு ஆளும் இல்லியா மக்களே?"