கொளத்தூர் பழக்கமும் கடல்நீர்த் தொட்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் வாங்கிய கப்பியையும் கோல்டு ஃபிஷ்ஷையும் ஆண்டுக்கணக்கில் நன்றாக வளர்த்தவர்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தெரிந்த வலைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய நண்டையும் மடவை மீன் குஞ்சையும் ஒரே வாரத்தில் பறிகொடுப்பதை வடசென்னையில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நன்னீர்த் தொட்டியில் கைவந்த பழக்கங்களை யோசிக்காமல் உப்புநீர்த் தொட்டிக்கும் கொண்டுவந்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதல் தவறு தண்ணீரில் தொடங்குகிறது. கடல் பத்து நிமிட நடையில் இருக்கிறதே என்று துறைமுக ஓரத்தில் வாளியை இறக்கினால், படகுகளின் டீசல் படலமும் சேர்ந்தே ஏறும். அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் சுடுநீரையும் பல ஆண்டுகளாகச் சுமந்து, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கசிவுக்கும் ஆளான எண்ணூர் முகத்துவாரத்து நீர் இந்தப் பேச்சுக்கே வரக் கூடாது. கரையிலிருந்து நன்றாக உள்ளே போய்வரும் ஃபைபர் படகுக்காரரிடம் கேனைக் கொடுத்து எடுத்துவரச் சொல்வது மேல். அப்போதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும் என்பதால் அளந்து பார்த்தே ஊற்ற வேண்டும். சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்ய முயல்வது வீண் வேலை. நண்டுக்கும் இறாலுக்கும் ஓடு கட்டத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் அதில் போதுமான அளவு கிடையாது. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, குறைந்த நீரை ஈடுசெய்யும் முறை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில் 3.5 கிலோ உப்பு இருக்கும். அதில் 10 லிட்டர் வற்றியதும் கடல்நீரையே ஊற்றினால் 350 கிராம் கூடுகிறது; இப்படி ஐந்து முறை செய்தால் லிட்டருக்கு 52 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். நீர் மாற்றும்போது மட்டுமே உப்புநீர். தொட்டியின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, நீர் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் நிரப்புவது எளிய வழி.

தொட்டி வைத்த அன்றைக்கே உயிர்களை விடுவது மற்றொரு அவசரம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் ஃபில்டரிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். கடல்நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8-க்கு மேல் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே அதிக நஞ்சாகிறது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை காத்திருங்கள். பிறகும் ஃபில்டர் ஸ்பான்ஜைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கசக்கினால், வளர்த்த பாக்டீரியாக்களை நாமே கொன்றவர்களாவோம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

ஓடுள்ள உயிர்களைப் பொறுத்தவரை, பலரும் தடுமாறும் இடம் ஓடு உரிக்கும் காலம். என் முதல் நண்டு ஒரு நாள் காலையில் மணல்மேல் கால்களை விரித்து அசைவற்றுக் கிடந்தது. எடுத்தபோது எடையே இல்லை. பின்பக்கம் பிளந்திருந்தது, கண் மூடிகூட அப்படியே இருந்தது. செத்துவிட்டதென்று குப்பையில் போடப் போனவனை, எதிர்வீட்டுப் படகுக்காரத் தம்பி நிறுத்தினான்: "சாவலண்ணே, சட்டை உரிச்சிருக்கு. கல்லுக்கு அடியில பாரு." பார்த்தேன். அங்கே, முன்னைவிடச் சற்றுப் பெரிதாக, விரல் பட்டாலே குழியும் உடம்போடு அது ஒடுங்கியிருந்தது. பழைய ஓட்டை உடனே அப்புறப்படுத்தியது என் முதல் தவறு. நண்டு அதைத் தின்று சுண்ணச் சத்தை மீட்டுக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது தவறு பெரியது: அதே தொட்டியில் இரண்டு கீச்சான் மீன்களை விட்டிருந்தேன். மறுநாள் காலையில் நண்டின் கால்கள் மட்டுமே மிஞ்சின. ஓடு இறுகும்வரை நண்டு எவருக்கும் இரைதான், இன்னொரு நண்டுக்கும்கூட. எனவே ஒளிய இடமில்லாத தொட்டியில் நண்டே வைக்கக் கூடாது. ஒரு தொட்டிக்கு ஒரு நண்டு என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டதும் தொட்டியில் நேராக மருந்தை ஊற்றுவதும் நன்னீர்ப் பழக்கமே. அம்மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது; மீனைக் குணப்படுத்தும் அளவே இறாலையும் நண்டையும் கொன்றுவிடும். மணலிலும் கல்லிலும் படிந்த தாமிரம் பின்னரும் மெல்லக் கசியும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும்.

மே மாத வெக்கை தனிச் சிக்கல். 30 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், கடல்நீரில் 6-ஐச் சற்றே தாண்டும். நள்ளிரவில் பவர் கட் வந்தால் அந்த இருப்பும் வேகமாகக் குறையும் என்பதால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். நீர்மேல் ஃபேன் வைத்தால் சூடு குறையும், ஆனால் ஆவியாவதும் கூடும். கண்ணாடியில் போட்ட கோட்டைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

வலையில் சிக்கியதாகச் சொல்லிக் கடல்குதிரையையோ பவளத்தையோ எவரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன.

கடைசியாக மூடி. மடவை துள்ளும், நண்டு ஏர் பம்ப் குழாயைப் பிடித்தே ஏறிவிடும். செவுள்களில் ஈரம் இருக்கும்வரை அது வெளியிலும் தாங்கும் என்பதால், காலையில் தொட்டியில் காணவில்லையென்றால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடுங்கள், கையை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.