பாட்டோடு பெயரும் போகட்டும்: நாட்டுப்புறக் கலைஞர்கள் சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதக் கோயில் கொடை விழா ஒன்றின் இரவில் பறை அடித்த ஐந்து பேரைக் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். "அதிரும் பறை" என்று மட்டும் தலைப்பிட்டு யூடியூபில் போட்டேன். மூன்று வாரம் கழித்து அதே காட்சி, டொராண்டோவில் இருக்கும் உறவினரிடமிருந்து வாட்ஸ்அப்பில் எனக்கே வந்து சேர்ந்தது. மூலையில் வேறு யாருடைய முத்திரையோ இருந்தது. "இவர்கள் யார்? எங்கள் பொங்கல் விழாவுக்கு அழைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அந்த ஐவரின் பெயரோ ஊரோ காணொளியில் எங்கும் இல்லை. எழுதாமல் விட்டது நான்தான். அது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டிய தவறு இதுதான்: பெயர் இல்லாமல் பதிவேற்றுவது. கலையின் பெயர், பாடியவர், கருவி வாசித்தவர் ஒவ்வொருவரும், ஊர், மாவட்டம், பாட்டைக் கற்றுத் தந்தவர், தொடர்பு எண் ஆகிய அனைத்தும் காணொளிக்குக் கீழே இருக்க வேண்டும். "கிராமிய இசை" என்று பொதுவாக எழுதாதீர்கள். நையாண்டி மேளம் என்றால் அப்படியே எழுதி, நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு என்று கருவிகளையும் குறிப்பிடுங்கள். வெளிநாட்டில் தேடுகிறவர் கருவியின் பெயரை வைத்துத்தான் தேடுவார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் உங்கள் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொண்டு எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். மாரியம்மாள் என்ற பெயரை மூன்று விதமாக எழுதினால், தேடுபொறிக்கு அவர் மூன்று ஆள். இன்னொன்று: கீழே எழுதியதைப் பிறர் எடுத்துப் போடும்போது விட்டுவிடுவார்கள். அதனால் குழுவின் பெயரையும் ஊரையும் காட்சியின் மேலேயே பொறித்துவிடுங்கள். பாடத் தொடங்கும் முன் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஒலி. பறை அடிப்பவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டிக் காட்டிச் சூடேற்றுகிறார்கள். நடுவில் ஒரு தட்டு தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, போதாது என்றால் மறுபடியும் தீக்கே போகிறார்கள். அத்தனை பாடுபட்டு எழுப்பும் ஒலியை, ஓரடி தூரத்தில் நீட்டிய கைபேசி தகர டப்பா ஓசையாக்கிவிடுகிறது. கைபேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைந்தது. உரத்த அடி விழுந்தால் அமுக்கும், இடைவிடாத தாளத்தை இரைச்சல் என்று எண்ணிக் குறைக்கும். மெல்லிய சுண்டுக்குச்சியின் ஒலிதான் முதலில் காணாமல் போகும். பத்துப் பதினைந்து அடி தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். உச்ச வேகத்தில் பத்து விநாடி அடிக்கச் சொல்லிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், ஒலி கரகரத்தால் விரல் அடுத்த காணொளிக்குத் தாவிவிடும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்ப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. யூடியூபின் ஒலி அடையாளம் காணும் தொழில்நுட்பம் அதைக் கண்டுகொண்டால், அந்தக் காணொளியின் விளம்பர வருமானம் இசை நிறுவனத்துக்குப் போய்விடலாம். வழிவழியாக வந்த பாட்டுக்கு உரிமையாளர் இல்லை என்பது உண்மை. ஆனால் அதை நீங்கள் பாடியதற்கு, நிகழ்த்துகலைஞர் என்ற உரிமை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 50 ஆண்டுகளுக்கு உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. வெட்டாத மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் பாட்டின் மீதே வேறொருவர் உரிமை கோரினால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

படிக்காமல் கையெழுத்திடுவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும். "டிஜிட்டல் உரிமை எல்லாம் எங்களுக்கு, உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரே வரியில் ஒப்பந்தம் நீட்டுவார்கள். கூடவே ஒரு சிறு தொகையும், "உங்களை உலகறியச் செய்கிறோம்" என்ற உறுதியும் வரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு மட்டுமே. எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. அதனால்தான் அந்த இரண்டையும் அவ்வளவு அக்கறையாக எழுதிவைக்கிறார்கள். காலம், எல்லை, வருமானத்தில் பங்கு, எங்கெல்லாம் பெயர் வர வேண்டும் என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பெரிய கலைஞர்களுக்கே இது சிக்கலாகியிருக்கிறது. 2021-இல் வெளியான 'எஞ்ஜாய் எஞ்சாமி' பாட்டு உலகெங்கும் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதைப் பாடியவர்களில் ஒருவரான அறிவு என்ற கலைஞரின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவருடைய வாழ்க்கையை அதில் கேட்கலாம். அந்தப் பாட்டை ஆக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பொதுவெளியில் விவாதமானது. வருமானம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஒரே தளத்தை நம்பியிருப்பதும் ஆபத்து. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதில் மட்டுமே ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அந்த உறவு ஒரே இரவில் அறுந்தது. இரண்டு தளங்களாவது இருக்கட்டும். அழைக்க விரும்புகிறவர்களின் எண்களைத் தனியே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். யூடியூபில் முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓர் ஆண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும். அதை நம்பி அடுப்பு எரியாது. நிகழ்ச்சி அழைப்பும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் வகுப்பு எடுப்பதுமே கைக்கு வரும் காசு.

முப்பது விநாடிக்குள் எல்லாவற்றையும் நறுக்குவதும் தவறுதான். வில்லுப்பாட்டில் கதை மெல்ல ஏறும். உடுக்கையும் குடமும் அதற்கேற்பச் சூடு பிடிக்கும். துண்டைப் போடுங்கள், முழு நிகழ்ச்சிக்கான இணைப்பையும் உடன் கொடுங்கள்.

ஒப்பாரி மட்டும் வேறு கணக்கு. இழவு வீட்டில் கைபேசியைத் தூக்காதீர்கள். அங்கே அழுகிறவர் நிகழ்ச்சி நடத்தவில்லை. அந்தப் பாட்டு அழிந்துவிடுமே என்ற கவலை உண்மையானால், சில மாதம் போகட்டும். பாடிய பாட்டியின் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். பாடினால், பதிவை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.